எலிக்குக் கேட்கும் மருந்து நமக்கும் கேட்குமா?

நோயாளியின் புற்றுநோய்க் கட்டியை எலியின் உடம்பில் வளர்த்து, எந்த கீமோ வேலை செய்யும் என்று முன்கூட்டியே பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. அது எப்படி நடக்கிறது, எவ்வளவு நம்பலாம், ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அதனால் என்ன பயன்? ஒரு விளக்கம்.

"கீமோ போட்டா கேட்குமா டாக்டர்?"

புற்றுநோய்ப் பிரிவு இருக்கும் எந்த மருத்துவமனையிலும் ஒரு நாளில் பலமுறை காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் துறைமுகத்தில் சுமை தூக்குபவராக இருக்கலாம், காசிமேட்டில் மீன் விற்பவராக இருக்கலாம், திருவொற்றியூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாம். நேர்மையான மருத்துவர் சொல்லும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "நிறைய பேருக்குக் கேட்டிருக்கு. உங்களுக்குக் கேட்குமான்னு போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

அந்தப் "போட்டுப் பார்த்தால்" என்பதற்கு ஒரு விலை உண்டு. பல கீமோ மருந்துகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றப்படுபவை. இரண்டு மூன்று சுற்று முடிந்த பிறகு ஸ்கேன் எடுத்துத்தான் கட்டி சுருங்கியதா, வளர்ந்ததா என்று பார்ப்பார்கள். கேட்கவில்லை என்றால் இரண்டு மாதம் போய்விட்டது. முடி கொட்டியது, ரத்த அணுக்கள் குறைந்தது, வேலைக்குப் போகாத நாள்களின் கூலி, கூட வந்தவரின் கூலி எல்லாம் போனதுதான். அடுத்த மருந்தைத் தாங்கும் தெம்பும் உடம்பில் குறைந்திருக்கும்.

அதனால்தான் மருத்துவ உலகம் நீண்ட காலமாக ஒரு வழியைத் தேடிக்கொண்டிருக்கிறது: அந்த "போட்டுப் பார்ப்பதை" நோயாளியின் உடம்பில் செய்யாமல் வேறு எங்காவது செய்து பார்க்க முடியாதா?

கீமோ ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை?

"மார்பகப் புற்றுநோய்", "வாய்ப் புற்றுநோய்" என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், ஒவ்வொருவரின் கட்டியும் தனி ரகம். ஒரே கட்டிக்குள்ளேயே பல வகை செல்கள் கலந்து கிடக்கும். சில செல்கள் மருந்து உள்ளே வந்ததும் அதை வெளியே தள்ளிவிடும். சில, மருந்து உடைத்த மரபணு இழையை உடனே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். சில, மருந்து தேடும் இலக்கையே மாற்றிக்கொள்ளும். நூறில் தொண்ணூறு செல்கள் செத்தாலும், மிச்சமுள்ளவை மீண்டும் பெருகினால் நோய் திரும்ப வரும்.

இலக்கு நோக்கிய புதிய மருந்துகள் சிலவற்றுக்கு முன்கூட்டியே சோதனை இருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றத்தைப் பார்க்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோயில் கே-ராஸ் மாற்றம் இருந்தால் சில மருந்துகள் கேட்காது என்று தெரியும். ஆனால் சிஸ்பிளாட்டின், 5-எஃப்.யூ., டாக்சேன் வகை என்று நம் அரசு மருத்துவமனைகளில் அன்றாடம் ஏற்றப்படும் கீமோ மருந்துகளுக்கு, "இவருக்குக் கேட்கும், இவருக்குக் கேட்காது" என்று நம்பிச் சொல்லும் எளிய ரத்தப் பரிசோதனையோ மரபணுப் பரிசோதனையோ பெரும்பாலும் இல்லை. அந்த இடைவெளியில்தான் எலி வருகிறது.

எலியின் உடம்பில் நம் கட்டி: எப்படி வளர்க்கிறார்கள்?

மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு மரத்தின் கிளையை இன்னொரு செடியில் ஒட்டவைத்து வளர்ப்பதுபோல, நோயாளியின் கட்டியில் ஒரு துண்டை எலியின் உடம்பில் வைத்து வளர்க்கிறார்கள்.

அறுவை சிகிச்சையிலோ பயாப்ஸியிலோ எடுத்த கட்டியின் ஒரு பகுதி உயிரோடு, குளிர்ந்த திரவத்தில், சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கே அதைச் சில மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, சுண்டெலிகளின் தோலுக்கு அடியில், பெரும்பாலும் விலாப் பக்கத்தில் வைத்துத் தைக்கிறார்கள். கட்டி "பிடித்துக்கொண்டால்" வளரும். போதுமான அளவு வந்ததும் அதை எடுத்து, மீண்டும் நறுக்கி, அடுத்த தலைமுறை எலிகளில் வைக்கிறார்கள். இப்படி ஒரே நோயாளியின் கட்டியைச் சுமக்கும் எலிகள் பத்து, இருபது என்று சேரும்.

பிறகு எலிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு மருந்தே இல்லை. மற்றக் குழுக்களுக்கு ஆளுக்கொரு மருந்து. வாரம் இரண்டு மூன்று முறை கட்டியின் நீள அகலத்தை அளவுகோலால் அளக்கிறார்கள். எந்தக் குழுவில் கட்டி சுருங்குகிறதோ, அந்த மருந்தை நோயாளிக்கு முயன்று பார்க்கலாம் என்று மருத்துவரிடம் சொல்கிறார்கள். இந்த எலிகளை "அவதார் எலிகள்" என்று செல்லமாக அழைப்பதும் உண்டு. நோயாளிக்குப் பதிலாக நோயைச் சுமந்து நிற்பதால் வந்த பெயர்.

முடியில்லாத எலி திறந்துவிட்ட கதவு

சாதாரண எலியின் உடம்பு மனிதக் கட்டியை ஏற்காது. அதன் நோய் எதிர்ப்பு சக்தி, வெளியிலிருந்து வந்த திசுவைச் சில நாள்களில் அழித்துவிடும். இந்தச் சிக்கலுக்குத் தற்செயலாக ஒரு விடை கிடைத்தது. 1960-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், முடியே இல்லாத எலிகள் சில பிறந்தன. 1966-ல் ஃப்ளனகன் என்ற ஆய்வாளர் இந்த மரபுக் குறைபாட்டை விவரித்தார். சில ஆண்டுகளில் இன்னொரு உண்மை தெரிந்தது: இந்த எலிகளுக்குத் தைமஸ் சுரப்பி இல்லை. தைமஸ் இல்லையென்றால், வேற்றுத் திசுவை எதிர்க்கும் டி-செல்கள் முதிர்ச்சி அடையாது.

1969-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ரிகார்ட், பொவ்ல்சன் இருவரும் மனிதப் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியை இந்த முடியற்ற எலிகளில் வெற்றிகரமாக வளர்த்துக் காட்டினார்கள். 1983-ல் எதிர்ப்பு சக்தி இன்னும் குறைவான 'ஸ்கிட்' எலி வந்தது. 2000-களில் ஏறக்குறைய எதிர்ப்பு சக்தியே இல்லாத எலி வகைகள் உருவாயின. இன்று பெரும்பாலும் இவற்றில்தான் நோயாளிகளின் கட்டிகளை வளர்க்கிறார்கள்.

இதற்குள் ஆய்வகங்களில் இன்னொரு பழக்கமும் மாறியது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பல்லாண்டுகளாக 60 வகைச் செல் வரிசைகளைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, புதிய மருந்துகளைச் சலித்துவந்தது. தட்டிலேயே பல தலைமுறை வாழ்ந்த செல்கள் அசல் கட்டியிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டன. 2016-ல் அந்த நிறுவனம், நோயாளிகளிடமிருந்து நேரடியாக எடுத்து எலியில் வளர்த்த கட்டிகளின் களஞ்சியத்துக்கு முக்கியத்துவத்தை மாற்றியது.

ஆறு நாள் சோதனை தந்த பாடம்

எலியை வைத்து நோயாளிக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1970-களின் இறுதியில் ஆர்தர் பாக்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வேகமான வழியைக் கொண்டுவந்தார். கட்டியின் சிறு துண்டை எலியின் சிறுநீரகத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கு அடியில் வைப்பது, மருந்து கொடுப்பது, ஆறாம் நாள் அளப்பது. அந்த உறைக்கு அடியில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் துண்டு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்வதற்குள் சோதனையே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, சாதாரண எலிகளையே பயன்படுத்தினார்கள். 1980-களில் இந்த முறை பல நாடுகளில் பரவியது.

பிறகு நுண்ணோக்கியில் பார்த்தபோது சிக்கல் தெரிந்தது. ஆறு நாளுக்குள்ளேயே எலியின் வெள்ளை அணுக்கள் துண்டுக்குள் புகுந்திருந்தன. அளவுகோலில் "வளர்ந்ததாக" தெரிந்த துண்டில் புற்றுநோய் செல்களே குறைவாக இருக்கலாம், வீக்கம் மட்டும் இருக்கலாம். எலியின் எதிர்ப்பு அழித்ததை மருந்து அழித்ததாகக் கணக்கு வைத்திருக்கலாம். முறை மெல்லக் கைவிடப்பட்டது.

வேகமாகப் பதில் வருகிறது என்பதற்காக அந்தப் பதில் சரியாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. அன்று கற்ற இந்தப் பாடம் இன்றைய சோதனைகளுக்கும் பொருந்தும்.

இப்போதைய எலிச் சோதனை எவ்வளவு சரியாகச் சொல்கிறது?

2011-ல் மானுவல் இடால்கோ தலைமையிலான குழு ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. வேறு சிகிச்சைகள் பலனளிக்காத, நோய் முற்றிய 14 நோயாளிகளின் கட்டிகளை எலிகளில் வளர்த்து, 63 மருந்துகளைப் பலவிதமாகச் சேர்த்து 232 சிகிச்சை முறைகளில் சோதித்தார்கள். 12 பேருக்கு எலியில் வேலை செய்யும் சிகிச்சை கிடைத்தது. அதில் ஒருவர் சிகிச்சை தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். மீதி 11 பேருக்கு, எலி காட்டிய வழியில் 17 சிகிச்சைகள் கொடுத்ததில், 15-ல் கட்டி கணிசமாகச் சுருங்கி, சில காலம் அப்படியே நின்றது. நோய் முற்றியவர்களிடம் இது பெரிய விஷயம். ஆனால் மொத்தம் 14 பேர்தான்.

2017-ல் வந்த பெரிய ஆய்வு 92 நோயாளிகளைப் பார்த்தது. எலியில் நடந்ததும் நோயாளியிடம் நடந்ததும் 129 சிகிச்சைகளில் ஒப்பிடப்பட்டன. 112 முறை இரண்டும் ஒத்துப்போயின. அதாவது 87 சதவீதம். அந்த ஆய்வில் பங்குபெற்றவர்களில் இந்தச் சோதனையை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

87 சதவீதம்னா சூப்பர்தானே?

கொஞ்சம் பொறுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு மருந்து 100 பேரில் 30 பேருக்குக் கேட்கும், 70 பேருக்குக் கேட்காது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோதனை, கேட்கக்கூடிய 30 பேரில் 27 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. கேட்காத 70 பேரில் 49 பேரைச் சரியாகச் சொல்கிறது. காதுக்கு நல்ல சோதனையாகத்தான் படும்.

இப்போது ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் நோயாளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். "கேட்கும்" என்று ரிப்போர்ட் வந்தவர்கள் 48 பேர் (27 சரி, 21 தவறு). அவர்களில் உண்மையில் பலன் பெறுபவர்கள் 27 பேர்தான், பாதிக்குக் கொஞ்சம் மேல். "கேட்காது" என்று வந்தவர்கள் 52 பேர். அதில் 49 பேருக்கு அது சரி. மீதி 3 பேர், கேட்டிருக்கக்கூடிய மருந்தை இந்த ரிப்போர்ட்டை நம்பிக் கைவிட்டவர்கள்.

ஒரே சோதனைதான். ஆனால் "கேட்காது" என்று அது சொன்னால் கிட்டத்தட்ட நம்பலாம், "கேட்கும்" என்று சொன்னால் அந்த அளவுக்கு நம்ப முடியாது. ஆய்வகத்தில் கீமோவைச் சோதிக்கும் பல முறைகளிலும் இதே போக்கைப் பார்த்திருக்கிறார்கள். எனவே "எத்தனை சதவீதம் துல்லியம்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "கேட்கும்னு சொன்னவங்கள்ல எத்தனை பேருக்குக் கேட்டுச்சு? கேட்காதுன்னு சொன்னவங்கள்ல எத்தனை பேருக்குக் கேட்கலை?" என்று இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு கேள்வி இதைவிடப் பெரியது. எலியின் கட்டியும் நோயாளியின் கட்டியும் ஒத்துப்போவது ஒரு விஷயம். அந்தச் சோதனையைப் பார்த்து மருந்து தேர்ந்தெடுத்தவர்கள், மருத்துவர் வழக்கம்போல் தேர்ந்தெடுத்த மருந்தை வாங்கியவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்களா என்பது வேறு விஷயம். இரண்டாவதை நிரூபிக்க, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். ஆய்வகத்தில் கீமோவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறைகளை அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2004-லும், மீண்டும் 2011-லும் பரிசீலித்தது. மருத்துவ ஆய்வுக்கு வெளியே, அன்றாடச் சிகிச்சையில் இவற்றைப் பயன்படுத்தப் பரிந்துரைக்க முடியாது என்பதே இரண்டு முறையும் வந்த முடிவு.

எலி எங்கே தடுமாறுகிறது?

முதல் தடை, கட்டி பிடிக்காமல் போவது. எல்லாக் கட்டியும் எலியில் வளராது. வீரியமான, வேகமாகப் பரவும் கட்டிகள் நன்றாகப் பிடிக்கும். மெதுவாக வளரும், ஹார்மோனை நம்பியிருக்கும் மார்பகக் கட்டிகள் போன்றவை பெரும்பாலும் பிடிக்காது. கட்டி பிடிக்காத நோயாளிக்கு ரிப்போர்ட்டே வராது. துல்லியக் கணக்கில் அவர் பெயரும் இருக்காது.

இரண்டாவது, காலம். கட்டி பிடித்து, அடுத்த தலைமுறைக்கு மாற்றி, மருந்து கொடுத்து அளந்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். முதல் கீமோவுக்கு இந்தச் சோதனை உதவாது. நோய் திரும்பி வந்தால் என்ன கொடுக்கலாம் என்பதற்கு வேண்டுமானால் உதவலாம். அதற்குள் நோயாளியின் உடம்பில் இருக்கும் கட்டியும் மாறியிருக்கும்.

மூன்றாவது, எலிக்குள் கட்டி மாறிவிடுவது. கட்டிக்குள் ரத்தக் குழாய்களும் தாங்கு திசுக்களும் உண்டு. எலியில் வளர வளர, மனிதத் தாங்கு திசுக்கள் போய் எலியின் திசுக்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். 2017-ல் ஊரி பென்-டேவிட் குழு 1,110 எலிக் கட்டி மாதிரிகளின் தரவைப் பார்த்து, கட்டிகள் எலிச் சூழலுக்கேற்ப மரபணு அளவிலும் மாறுவதாக எச்சரித்தது. 2021-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, பெரும்பாலான கட்டிகள் அசலோடு ஒத்தே இருக்கின்றன என்று சொன்னது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

நான்காவது, எதிர்ப்பு சக்தி இல்லாத எலியில் இம்யூனோதெரபி மருந்துகளைச் சோதிக்க முடியாது. அவை வேலை செய்வதே நோயாளியின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டுத்தான். மனித எதிர்ப்பு செல்களை எலியில் ஏற்றும் முயற்சிகள் நடக்கின்றன. செலவும் சிக்கலும் அதிகம்.

ஐந்தாவது, மருந்து எலியின் உடம்பில் நடந்துகொள்ளும் விதம். உதாரணத்துக்கு, குடல் புற்றுநோய்க்குத் தரும் இரினோடெக்கான். இதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதி எலியின் ரத்தத்தில் நம்மைவிட மிக அதிகம். எலியில் அமோகமாக வேலை செய்வதுபோல் தெரியும் அளவு, மனிதருக்குக் கொடுக்கவே முடியாத அளவாக இருக்கலாம்.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

நவி மும்பையின் கார்கரில், டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ஆக்ட்ரெக்கில் மனிதக் கட்டிகளை எலியில் வளர்த்து ஆராய்கிறார்கள். விலங்குச் சோதனை எதுவானாலும், 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியக் குழுவின் விதிகளுக்கும், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கும் உட்பட்டே நடக்க வேண்டும்.

நமக்கு மிகப் பக்கத்தில் நடந்த பெரிய முயற்சி பெங்களூருவில். மித்ரா பயோடெக் என்ற நிறுவனம், எலிக்குக் காத்திருக்காமல் சில நாள்களிலேயே பதில் சொல்லும் 'கேன்ஸ்கிரிப்ட்' முறையை உருவாக்கியது. கட்டியின் மெல்லிய துண்டுகளை, அதே நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் உயிரோடு வைத்து, மருந்தைச் சேர்த்து என்ன நடக்கிறது என்று பார்ப்பது இதன் அடிப்படை. தலை-கழுத்துப் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய் நோயாளிகளின் கட்டிகளை வைத்து நடந்த இந்த ஆய்வு 2015-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியானது. 109 நோயாளிகளின் முடிவுகளைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுத்து, வேறு 55 நோயாளிகளிடம் சரிபார்த்தார்கள். மருந்து கேட்டவர்களில் ஒருவரைக்கூட முறை தவறவிடவில்லை என்று ஆய்வு சொன்னது. கேட்காதவர்களையும் பெருமளவு சரியாகக் கணித்தது.

தமிழ்நாட்டில் வேறு ஒரு திசையில் வேலை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அங்கிருந்து வெளியான பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு, இந்திய மார்பகப் புற்றுநோய் நோயாளிகளின் 480 திசு மாதிரிகளின் மரபணு விவரத்தைத் திரட்டியது. இது ஏன் முக்கியம்? உலகின் எலிக் கட்டிக் களஞ்சியங்களில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளின் கட்டிகள். புகையிலையைக் கன்னத்தில் அடக்குவதால் நம் ஊரில் வரும் கன்ன, ஈறுப் புற்றுநோய் அங்கே அரிது. அந்த வகையை ஆராய்ந்த இந்தியக் குழு 2013-ல், மற்ற தலை-கழுத்துப் புற்றுநோய்களில் அதிகம் பேசப்படாத சில மரபணு மாற்றங்களை அதில் கண்டுபிடித்தது. நம் கட்டிகள் களஞ்சியத்தில் இல்லையென்றால், அவற்றை வைத்துத் தேர்ந்தெடுக்கும் மருந்தும் நம்மை மனதில் வைத்ததாக இருக்காது.

எலிக்குப் பதில் மீன், தட்டில் வளரும் குட்டிக் கட்டி

காலத்தைக் குறைக்க வேறு வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. இந்தியத் துணைக்கண்டத்து ஆறுகளைச் சொந்த ஊராகக் கொண்ட வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அந்த வயதில் அதன் எதிர்ப்பு சக்தி முழுதாக வளர்ந்திருக்காது. போர்ச்சுகலின் லிஸ்பனில் ரீட்டா ஃபியோர் குழு, நோயாளியின் செல்களை இந்த மீன் குஞ்சுகளில் ஊசி மூலம் செலுத்திச் சில நாள்களில் முடிவைப் பார்க்கிறது. பெருங்குடல் புற்றுநோய் நோயாளிகள் 55 பேரிடம் நடந்த அவர்களது ஆய்வு 2024-ல் வெளியானது. 91 சதவீதம் சரியாகக் கணித்ததாகச் சொன்னது.

இன்னொன்று 'ஆர்கனாய்டு'. கட்டியின் செல்களைக் கூழ் போன்ற ஊடகத்தில் முப்பரிமாணக் குட்டிக் கட்டியாக வளர்ப்பது. 2018-ல் லண்டன் குழு ஒன்று செரிமானப் பாதைப் புற்றுநோய்களில் இதைச் சோதித்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. "கேட்காது" என்று சொன்னது முழுக்கச் சரியாக இருந்தது. "கேட்கும்" என்று சொன்னது 88 சதவீதம் சரியாக இருந்தது. மேலே பார்த்த கணக்கின் போக்கு இங்கேயும் தெரிகிறது. சட்டமும் மாறுகிறது. மருந்துச் சோதனைகளில் விலங்குக்கு மாற்றான இத்தகைய முறைகளை ஏற்க, அமெரிக்கா 2022 இறுதியிலும் இந்தியா 2023-லும் விதிகளைத் திருத்தின.

வடசென்னைக்கு இதில் என்ன?

மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்: "ஆலைப் புகையால வந்த கேன்சரான்னு இந்த டெஸ்ட்ல தெரியுமா?" தெரியாது. வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-ல் வகைப்படுத்திவிட்டது. ஆனால் ஒருவரின் கட்டி எதனால் வந்தது என்று எலியோ மீனோ சொல்லாது. எந்த மருந்துக்கு அது சுருங்குகிறது என்பதை மட்டுமே சொல்லும். ஒரு பகுதியில் புற்றுநோய் அதிகமா என்பதைச் சொல்ல வேண்டியது நோய்ப் பதிவேடு. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1982 முதல் சென்னைக்கான பதிவேட்டைப் பராமரித்துவருகிறது. அந்த எண்களை வார்டு வாரியாகப் பிரித்துப் பார்க்கக் கேட்பது வேறு கோரிக்கை, அதுவும் நியாயமான கோரிக்கை.

பணம் அடுத்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவுகிறது. கீமோ அதில் அடங்கும். அந்தத் தொகை சிகிச்சைக்கானது. ஆராய்ச்சி நிலையில் உள்ள சோதனைக்கானது அல்ல. அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கென்று எலிகளை வளர்த்துச் சோதிக்கப் பல ஆயிரம் டாலர் ஆகிறது. கிருமி நுழையாத அறை, வடிகட்டிய காற்று, தனித் தீவனம் இல்லாமல் எதிர்ப்பு சக்தியற்ற எலி பிழைக்காது.

சோதனை ஒரு மருந்தைக் காட்டினாலும் அது நம் கைக்கு எட்ட வேண்டும். அரசு மருத்துவமனை மருந்தகத்திலோ காப்பீட்டிலோ இல்லாத மருந்தின் பெயரை எலி சொன்னால், அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது கடன் வாங்க ஒரு காரணம் மட்டுமே. ஸ்டான்லியில் தொடங்கிய கீமோவைப் பாதியில் விட்டுவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பது, சோதனை தவறுவதைவிடப் பெரிய நஷ்டம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ பிடித்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து சுற்றுகளை முடிப்பது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். இன்றைக்குக் கையில் இருக்கும் வழிகளில் பலன் உறுதியாகத் தெரிந்தது அதுதான்.

"எலி டெஸ்ட்" என்று யாராவது சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

எலி, மீன், தட்டு என்று எந்தப் பெயரில் வந்தாலும், பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்.

இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணையும், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டின் எண்ணையும் கேட்கலாம். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சம்மதப் படிவம் தமிழில் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ஆராய்ச்சிக்காக மட்டும் செய்யும் சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டுதல்.

ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும்? அதுவரை இப்போதைய சிகிச்சை தொடருமா? "நிறுத்திட்டுக் காத்திருங்க" என்று சொன்னால், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கட்டி வளரவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

என் வகைப் புற்றுநோயில், எத்தனை பேரிடம் இதைச் சோதித்தீர்கள்? "கேட்கும்", "கேட்காது" இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு என்ன?

ரிப்போர்ட் எப்படி வந்தாலும் என் மருத்துவர் தரப்போகும் மருந்து மாறுமா? மாறாது என்றால், எதற்கு டெஸ்ட்?

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு விவரம். இந்தச் சோதனைகளுக்கு உயிருள்ள திசு வேண்டும். பயாப்ஸிக்குப் பிறகு மருத்துவமனையில் வைத்திருக்கும் மெழுகுக் கட்டையில் இருப்பது ஃபார்மலினில் ஊறிய திசு. அதை எலியில் வளர்க்க முடியாது. ஆராய்ச்சியில் சேரும் எண்ணம் இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே பேச வேண்டும். ஆனால் அந்த மெழுகுக் கட்டை வீண் அல்ல. ஹெர்-2, ஈ.ஜி.எஃப்.ஆர். போன்ற, ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட சோதனைகளை அதிலேயே செய்யலாம். அதற்கான ரசீதையும் ரிப்போர்ட்டையும் ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.